செந்திரை காட்டிய அறை

இயக்குநரின் மூக்கை உடைத்தவன் நான். அது உடைந்த நேரத்தில் நான் நான்காவது மாடியில் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். அவர் தரைத்தளத்தில் விருந்தினர்களை வரவேற்று, கையை நீட்டி வழிகாட்டியபடி உள்ளே திரும்பினார். கண்ணாடிக் கதவு அவர் முகத்தின் மேல் சாத்திக்கொண்டது. சத்தம் நான்காவது மாடிவரை கேட்டது. பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

எங்கள் அரண் வாரியத்தின் வேலை, அலுவலகக் கணினிகள் எல்லாவற்றிலும் ஓடும் இயங்குதளத்துக்குள் ஃபயர்வால் என்ற காவல் சுவரைக் கட்டிப் பராமரிப்பது. வருகிற ஒவ்வொரு செய்தியையும் நிறுத்தி, “யாருப்பா நீ, எங்கிருந்து வர்றே?” என்று முகவரி கேட்டு அனுப்புவது அந்தச் சுவரின் வேலை. முகவரியைக் கேட்கும் வரியை எழுதியது என் வேலை. அந்த வரியில் தடுக்கித்தான் அன்று சுவர் விழுந்தது. சுவர் விழுந்தால் எல்லாவற்றையும் அடைத்துவிடு என்பது வாரியத்தின் முதல் விதி. கட்டடத்துக் கதவுகளும் சுவரின் கட்டுப்பாட்டில் இருந்ததால், அவையும் விதிக்குக் கீழ்ப்படிந்தன. நடுவில் ஒரு மூக்கு இருக்கிறதே என்று பார்ப்பதற்கு விதியில் இடமில்லை.

சுவர் விழுந்ததும் சங்கு ஊதியது. ஒவ்வொரு மாடியிலும் மாட்டியிருக்கும் செந்திரை ஒளிர்ந்தது. சுவரைத் தாக்கிய செய்தி எந்த அறையிலிருந்து வந்தது என்பதை அது காட்டும். ‘தெரியவில்லை’ என்ற சொல் செந்திரையில் ஒருபோதும் வரக்கூடாது என்று வாரியம் தீர்மானம் போட்டிருந்தது. முகவரியாகப் படித்த எண்ணில் அறை எதுவும் இல்லையென்றால், அதற்குக் கிட்டத்தில் உள்ள அறையைக் காட்டிவிட வேண்டும்.

அன்று அது காட்டியது கணக்குப் பிரிவின் பிரிண்டர் அறையை.

பதிலடிப் பிரிவு ஓடியது. தலைக்கவசம், கனத்த பூட்ஸ், பூண் போட்ட தடி. பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து தினமும் காலையில் மணல் மூட்டைகளை அடித்துப் பழகியவர்கள். யாரையும் அடிக்காமலே ஓய்வுபெற்றவர்கள் அதில் உண்டு. அவர்களுடைய பிரிவுபசார விழாக்களில் அழாதவர்கள் கிடையாது. அத்தனை ஆண்டு ஏக்கமும் அந்தப் பிரிண்டரின் மேல் இறங்கியது. மூடி பிளந்தது, உருளை உருண்டோடியது, கருப்புப் பொடி புகையாக எழும்பியது. காகிதத் தட்டு பறந்து போய்க் கணக்குப் பிரிவு அம்மாளின் நெற்றியைக் கிழித்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு ரத்தம் சொட்ட அவர் எழுந்தபோது, எதிரிக்கு அருகில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று விசாரித்தார்கள். “பிரிண்ட் எடுத்துட்டிருந்தேன்” என்றார். அதைக் குறித்துக்கொண்டார்கள்.

நான் அரைமணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை. சொந்த வீட்டில் திருடியவனுக்குத் திருடனைத் தெரியாதா? எங்கள் பிரிவுத் தலைவியின் அறைக்கு ஓடினேன். ‘நிகழ்வம்மா’ என்பது அவருக்கு நாங்கள் வைத்த பெயர். ஏன் என்பது தானே விளங்கும்.

“மேடம், அது தாக்குதல் இல்ல. மெமரி அலைன்மென்ட் தப்பு. நான் பண்ணது.”

எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

“தப்புன்னு சொல்லாதீங்க. நிகழ்வுன்னு சொல்லுங்க.”

“சரி மேடம். நான் பண்ண நிகழ்வு.”

“நீங்க பண்ணதுன்னும் சொல்லாதீங்க. நிகழ்வு தானா நிகழும். அதனாலதான் அதுக்கு அந்தப் பேரு.”

மேசையில் இருந்த பேனாக்களை வரிசையாக அடுக்கி விளக்கினேன். கணினியின் நினைவகம் பெட்டிகளின் வரிசை. பெட்டிக்கு ஒரு பைட். முகவரி நான்கு பெட்டி நீளம். பழைய சர்வர்கள் சாதுவானவை. எந்தப் பெட்டியில் தொடங்கி நான்கு கேட்டாலும் முணுமுணுக்காமல் எடுத்துத் தரும். இப்போது வந்திருக்கும் சர்வர்களுக்கு, நான்கு நான்காகக் கட்டி வைத்த கட்டுகள்தாம் கண்ணுக்குத் தெரியும். கட்டின் நடுவில் தொடங்கி நான்கு கேட்டால், அடுத்த கட்டைத் தொட சோம்பல்பட்டு, முகவரியின் முன்பாதியோடு அதற்கு முன்னால் இருக்கும் சம்பந்தமில்லாத இரண்டு பைட்டையும் கலந்து கையில் திணித்துவிடும். எட்டாகக் கேட்டாலோ, கேட்ட இடத்திலேயே உயிரை விட்டுவிடும். பெரும்பாலான செய்திகளில் முகவரி ஒழுங்காகக் கட்டின் தொடக்கத்தில்தான் உட்காரும். தலைப்பு இரண்டு பைட் நீண்டு போன செய்தி ஏதாவது வந்தால்தான் வினை.

“நான் முதல்ல நாலு கேட்டு அதைச் செந்திரைக்கு அனுப்புறேன் மேடம். அடுத்ததா எட்டு கேக்கறேன். அதனால நம்ம சுவர் யாரோ ஒருத்தர் பேர உளறிட்டுச் செத்துப்போகுது. அந்தப் பிரிண்டர் பாவம் மேடம். பைட் பைட்டா நகலெடுத்து, கட்டோட தொடக்கத்துல வெச்சுப் படிச்சா சரியாயிடும். திருத்தம் எழுதிட்டேன். சேத்துடலாமா?”

“நல்ல கேள்வி” என்று பேனாக்களைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டார். பதில் அவ்வளவுதான்.

“மேடம், இது என் தப்புதானே?”

“உங்க ஆர்வத்த நான் மதிக்கிறேன்.”

மறுநாள் கூட்டரங்கில் இயக்குநர் பேசினார். முகத்தின் நடுவே பெரிய கட்டு. மூக்கில் பஞ்சு அடைத்திருந்ததால் மெல்லினம் எல்லாம் வல்லினமாக ஒலித்தது.

“நண்பர்களே! நம் அரணில் பிழை கிடையாது. பிழை கிடையாது என்று சான்று கொடுத்தவர்கள் யார்? நாம். சான்று கொடுக்கும் தகுதி நமக்கு எப்படி வந்தது? நம் அரணில் பிழை இல்லாததால் வந்தது. பிழையே இல்லாத ஒன்று விழுந்தால் அதற்குப் பெயர் தாக்குதல். இத்தனை ஆண்டுகளாக நம்மை ஒருவர்கூடத் தாக்கவில்லையே, நாம் அந்த அளவுக்கா அற்பமாகப் போய்விட்டோம் என்று நான் கண்ணீர் விடாத நாளில்லை. அந்த அவமானம் என் மூக்கின் வழியாகத் துடைக்கப்பட்டது!”

கைதட்டல் அடங்கியதும் நான் எழுந்து நின்றேன். திருத்தம் தயாராக இருக்கிறது, ஒரு வரிதான் என்றேன்.

“ஒரு வரி!” என்று இயக்குநர் அரங்கைப் பார்த்தார். “ஒரு வரியில அரண் விழும்னா, நாங்க இத்தன பேர் எதுக்கு இருக்கோம்? ஒரு வரியில அது சரியாயிடும்னா, அப்பறம் நாங்க எதுக்கு இருக்கணும்? யோசிச்சுப் பேசுங்க தம்பி.”

யோசித்தேன். இரண்டு கேள்விக்கும் ஒரே விடைதான் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரத்திலேயே சுவர் மறுபடி விழுந்தது. செந்திரை கேன்டீனைக் காட்டியது. பில் போடும் மெஷினை அடிக்கப் போன வேகத்தில் பாய்லரையும் சேர்த்து அடித்தார்கள். அது வெடித்துக் கொதிநீர் பீறிட்டது. கேன்டீன்காரர் தோளிலிருந்து முழங்கைவரை வெந்துபோனார். கத்திக்கொண்டே அவர் கையை உதறியதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு, வெந்த கையின் மேலேயே தடியை இறக்கினார்கள். எலும்பு முறிந்த சத்தத்தை, வரிசையில் நின்றவர்கள் தட்டு உடைந்தது என்று நினைத்தார்களாம். மருத்துவமனையில் அவர் கால்மாட்டில் நின்று, “அண்ணே, இதுக்கு நான்தான் காரணம்” என்றேன். “விடுங்க சார், பெரிய இடத்து விவகாரம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பெரிய இடமா என்று என்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

இந்த முறை தாக்கிய செய்தியைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தேன். உண்மையான முகவரி அதில் பத்திரமாக இருந்தது. அது இயக்குநரின் அறை.

முதல் முறை சுவர் விழுந்த காலையில்தான் அவருக்குக் கால் அமுக்கும் நாற்காலி ஒன்று வந்து இறங்கியிருந்தது. கீழே இயக்குநர் விருந்தினர்களை வரவேற்ற நேரத்தில், மேலே அதைப் பொருத்த வந்தவர் சாய்ந்து பார்த்திருக்கிறார். கால்வலி வந்த நாளில்தான் இயக்குநர் அதில் சாய்வார். யாராவது சாய்ந்தால் போதும், அது தன்னைச் செய்த கம்பெனிக்கு ஒரு செய்தி அனுப்பும். இரண்டு பைட் நீண்ட தலைப்போடு. முகவரிக்கு முன்னால் நின்ற அந்த இரண்டு பைட்டில் ஒன்று இடது காலை அமுக்கிய அளவு, மற்றது வலது காலை அமுக்கிய அளவு. அவற்றைத்தான் என் வரி முகவரியோடு கலந்து படித்தது. ஆக, இயக்குநருக்கு எந்தக் காலில் எவ்வளவு வலி என்பதைப் பொறுத்து, இந்தக் கட்டடத்தில் யாருக்கு எலும்பு முறியும் என்பது முடிவாகிக்கொண்டிருந்தது.

நிகழ்வம்மாவிடம் சொன்னேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

“நீங்க சொன்னது எனக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொன்னாலும் கேக்காது.”

“மேடம், அடுத்தது யாரு மேல விழும்னு தெரியல.”

“அதத் தெரிஞ்சுக்கத்தான் செந்திரை இருக்கே.”

அடுத்தது என் அத்தான் மேல் விழுந்தது.

அத்தான் ஏசி மெக்கானிக். வெயிலில் மொட்டை மாடிகளில் வெந்துகொண்டிருந்தவரை, “எங்க ஆபீசுக்கு வந்துடுங்க அத்தான், சர்வர் ரூம்ல வேர்க்கவே வேர்க்காது” என்று கூட்டிவந்தவன் நான். அக்காவுக்கு அதில் அத்தனை பெருமை. அன்று சங்கு ஊதியபோது நான் மாடிப்படியில் இருந்தேன். செந்திரையில் ‘ஏசி அறை’ என்று கண்டதும் நான்கு நான்கு படியாகத் தாவி இறங்கினேன். அறைக்கு முன்னால் இருந்த கண்ணாடிக் கதவு எனக்கு முன்பே பூட்டிக்கொண்டுவிட்டது. பதிலடிப் பிரிவிடம் மட்டும் எல்லாக் கதவுக்கும் சாவி உண்டு. அவர்கள் எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டார்கள்.

கண்ணாடி கனமானது. எதுவும் கேட்கவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது. அத்தான் ஸ்டூலில் நின்று மேலே ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் ஸ்பேனர். ஆயுதம் என்று முடிவு செய்ய அது போதுமானதாக இருந்தது. ஸ்டூலை உதைத்தார்கள். விழுந்தவரின் முதுகில் தடி ஏறி இறங்கியது. வாய் திறந்து ஏதோ கத்தினார். ஃபில்டர் மாத்த வந்தவன்டா என்றிருக்க வேண்டும், உதட்டசைவு அப்படித்தான் இருந்தது. தலையைக் காப்பாற்ற இரண்டு கையையும் மேலே வைத்தார். கையில் அடித்தார்கள். கையைத் தரையில் ஊன்றினார். ஒரு பூட்ஸ் அந்த விரல்களின் மேல் ஏறி, சிகரெட்டை அணைப்பதுபோல ஒரு திருகு திருகியது. நான் கதவை உதைத்தேன், தோளால் இடித்தேன், தீயணைக்கும் சிலிண்டரால் அடித்தேன். கீறல்கூட விழவில்லை. சுவர் விழுந்தால் எல்லாம் அடைபட வேண்டும் என்பதில் எங்கள் வாரியம் எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்திருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். அந்த நேர்த்தியைத் தொடங்கி வைக்கும் வரி மட்டும் என்னுடையது.

அத்தானைக் காலைப் பிடித்து அடித்தளத்துக்கு இழுத்துப் போனார்கள். தரையில் ரத்தம் அகலமான கோடாக நீண்டது.

சுவரை மறுபடி எழுப்பியதும் கதவுகள் திறந்தன. தெருவில் அக்கா நின்றாள். யாரோ போன் செய்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த குடையால் அடித்தாள். தோளில், தலையில், குனிந்தபோது முதுகில். குடைக்கம்பி வளைந்து துணி கிழிந்தது.

“நல்ல எடம்னு சொன்னியேடா! வேர்க்காதுன்னு சொன்னியேடா!”

“அக்கா, அடி. இன்னும் அடி. இது என் தப்புதானே?”

“தப்பு சரியெல்லாம் எனக்கு வேணாம். சாயங்காலத்துக்குள்ள அவர வெளிய கொண்டா. கை கால் இருக்கிற மாதிரி கொண்டா. இல்லன்னா எனக்குத் தம்பியே இல்ல.”

குடையை என் மேல் எறிந்துவிட்டுக் கட்டடத்தின் படியில் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடித்தளத்தில் பதிலடிப் பிரிவின் தலைவரைப் பார்த்தேன். எல்லோரும் அவரைப் பயில்வான் என்பார்கள். பொறுமையான மனிதர். தன் விரல் முட்டிகளில் தைலம் தேய்த்தபடி எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். பக்கத்து அறையிலிருந்து அத்தானின் முனகல் வந்தது.

“உக்காருங்க சார். ஒங்க சொந்தக்காரரா? நல்ல மனுஷன். அடி தாங்கறாரு.”

“அவர் ஒண்ணும் பண்ணலைங்க.”

“இருக்கலாம் சார். நான் அதெல்லாம் பாக்கறதில்ல. செந்திரையப் பாப்பேன், அடிப்பேன். வேற எதையாவது பாத்து அடிச்சா அது ரவுடித்தனம் ஆயிடும்.”

“எப்ப விடுவீங்க?”

“ரூல் ஒண்ணு இருக்கு சார். ஒரு நேரத்துல ஒரே ஒரு எதிரிதான். செந்திரையில அடுத்த ரூம் வந்துதுன்னா இவர விட்டுடுவோம். வர்ற வரைக்கும் விசாரணை நடக்கணும்.” முனகல் வந்த பக்கம் தலையைச் சாய்த்தார். “நடக்குது.”

“அடுத்த ரூமும் தப்பான ரூமா இருந்தா?”

“செந்திரை தப்பா காட்டாது சார். சான்று இருக்கு.”

என் இருக்கைக்கு வந்தேன். சுவரின் நிரலில் கை வைக்க வாரியத்தின் அனுமதி வேண்டும். செந்திரைக்குப் போகும் எழுத்துகளில் கை வைக்க அனுமதி தேவையில்லை. அதற்கு ‘அழகுபடுத்தல்’ என்று பெயர். ஆகவே செந்திரைக்காக முகவரி படிக்கும் இடத்தை மட்டும் திருத்தினேன். பைட் பைட்டாக நகலெடுத்து, ஒழுங்கான இடத்தில் வைத்துப் படிக்கச் செய்தேன். அடுத்த இடத்தைத் தொடவில்லை. சுவர் இன்னும் விழும். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு விழும்.

அதன் விளைவு என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்தது. இனித்தது என்றுகூடச் சொல்லலாம். காலையிலேயே ஒருமுறை சாய்ந்துவிட்ட இயக்குநர் இனி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சாய்வார். அதுவரை உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான் பாக்கி. உட்கார்ந்தேன். அந்த விரல்களின் மேல் திருகிய பூட்ஸ் கண்ணுக்குள் வந்தது. முதலில் அதன் கீழ் இயக்குநரின் விரல்களை வைத்துப் பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பூட்ஸுக்குள் இருந்த கால் யாருடையது என்று பார்த்தேன். என் கால் மாதிரி இருந்தது. எழுந்து மேல் மாடிக்கு ஓடினேன். எனக்கு எதையும் முழுசாகச் செய்து பழக்கமில்லை, பழிவாங்குவதைக்கூட.

இயக்குநர் பல் குத்திக்கொண்டு நாற்காலியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

“சார், உக்காராதீங்க!”

“என்ன?”

“அந்த நாற்காலில உக்காராதீங்க சார். உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன்.”

முகத்துக் கட்டுக்கு மேலே அவர் கண்கள் சுருங்கின.

“ஓ. கதை இப்படிப் போகுதா. என் நாற்காலிக்கே ஆசை வந்துடுச்சா?”

“ஐயோ, பதவியச் சொல்லல சார், இந்த நாற்காலியச் சொல்றேன். சுவரத் தாக்குறது இதுதான். உக்காந்தீங்கன்னா அடி விழும்.”

“மிரட்டறீங்க!”

“கெஞ்சறேன் சார்.”

“நான் எத்தனையோ பேரப் பாத்தவன் தம்பி” என்று உட்கார்ந்தார். கண்ணை மூடிச் சாய்ந்தார். நாற்காலி உறுமிக்கொண்டு அவர் காலைப் பிடித்தது.

சங்கு ஊதியது. கதவு எங்கள் இருவரையும் உள்ளே வைத்துச் சாத்திக்கொண்டது. சுவரில் செந்திரை ஒளிர்ந்தது: ‘இயக்குநர் அறை’. அவர் ஒரு கண்ணைத் திறந்து அதைப் படித்தார். மறு கண்ணையும் திறந்து மறுபடி படித்தார்.

“தப்பா காட்டுது” என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டபோது, என்னையறியாமல் எனக்கு ஒரு பெருமிதம் வந்தது. “இல்ல சார். இப்பதான் மொதல் தடவையா சரியா காட்டுது.”

படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. சாவி திரும்பியது. பயில்வான் வாசலில் நின்று செந்திரையைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார், மறுபடி செந்திரையைப் பார்த்தார்.

“நான் இயக்குநர்யா!” என்று அவர் அலறினார்.

“எல்லாரும் யாராவது ஒருத்தராத்தான் சார் இருக்காங்க” என்று பயில்வான் வருத்தத்தோடு சொல்லிவிட்டுத் தடியை ஓங்கினார்.

முதல் அடி நாற்காலியின் கைப்பிடியைப் பிளந்தது. இரண்டாவது இயக்குநரின் முழங்காலில். நாற்காலி நிற்கவில்லை, உடைந்த முழங்காலையும் விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தது, அவர் பன்றிக்குட்டிபோல வீறிட்டார். தரையில் உருண்டார். தடிகள் அவரோடு உருண்டன. மூக்குக் கட்டு அவிழ்ந்து, பழைய காயத்தில் புது ரத்தம் வந்தது. ஒதுங்கி நின்று பார்த்திருக்கலாம். அத்தான் அடிபட்டபோது பார்த்துக்கொண்டுதானே நின்றேன். ஆனால் இந்தப் பக்கம் கண்ணாடி இல்லை. சத்தம் கேட்டது. நான் போய் அவர் மேல் கவிழ்ந்து விழுந்தேன்.

தடிக்கோ, மேலே கிடப்பவனும் அடியில் கிடப்பவனும் ஒன்றுதான். என் விலா ஒன்று முறிந்தது. தாடையில் பட்ட அடியில் ஒரு பல் கழன்று நாக்கின் மேல் உருண்டது. எனக்கு அடியில் இயக்குநர் மூச்சுவாங்கினார். அவர் காது என் வாய்க்கு வெகு அருகில் இருந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று தோன்றியது.

“சார்,” என்றேன், பல்லை ஒதுக்கிக்கொண்டு. “இப்பவாவது சொல்லுங்க. இது என் தப்புதானே?”

“இந்த நிகழ்வின்...” என்று அவர் ஆரம்பித்தார். ஒரு அடி விழுந்தது. “...எல்லாக் கோணங்களையும்...” இன்னொன்று. “...பரிசீலித்த பிறகே...”

மயங்கிவிட்டார்.

விதிப்படி புது எதிரி கிடைத்ததால் பழைய எதிரியை விட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் அக்காவிடம் அத்தானைச் சேர்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எங்கள் மூவரையும் ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். இயக்குநர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே அறிக்கை விட்டார். எதிரி தன் அறைவரை ஊடுருவியதையும், தான் நேருக்கு நேர் நின்று அவனை முறியடித்ததையும் அது விவரித்தது. பதிலடிப் பிரிவுக்குப் பாராட்டுப் பத்திரம் வழங்கப்பட்டது. பயில்வான் அதை வாங்கிக்கொண்டு, நல்லா அடி தாங்கினீங்க சார் என்று இயக்குநரையும் பாராட்டிவிட்டுப் போனாராம். என் திருத்தம், ‘மேம்பாடு’ என்ற பெயரில் நிகழ்வம்மாவின் கையெழுத்தோடு சுவரில் சேர்ந்தது. அதன்பின் சுவர் விழவில்லை. என்னைப் பார்க்க வந்த நிகழ்வம்மா, எதிரிகள் பயந்து ஒதுங்கிவிட்டதாகச் சொல்லி ஆப்பிள் கொடுத்தார். எனக்குக் கடிக்கப் பல் சரியில்லை.

எழுந்து நடக்க முடிந்ததும் சுவரைப் பிடித்துப் பிடித்து அத்தானின் வார்டுக்குப் போனேன். அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அத்தானின் இரண்டு கையும் முழங்கைவரை மாவுக்கட்டில் கிடந்தன. வலது கையின் இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்பேனர் பிடிக்கிற கை. கண் வீங்கி ஒரு கீற்றாகத் தெரிந்தது. அந்தக் கீற்று என்னைப் பார்த்தது.

“உக்காரு” என்றார்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிகள், கட்டுகள், இரண்டு பைட், நாற்காலி, கால்வலி. விலா குத்தியதால் நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“பழைய மெஷின்ல நல்லாத்தான் ஓடுச்சு அத்தான். புது மெஷின் வந்தப்ப நான் மறுபடி ஓட்டிப் பாத்திருக்கணும். பாக்கல. ஓடும்னு விட்டுட்டேன். நான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன், ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்களாவது சொல்லுங்க. இது என் தப்புதானே?”

அத்தான் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“ஆமாடா. உன் தப்புதான்” என்றார். “அந்தத் தண்ணிய எடு. எனக்குக் கை வராது, வாயில ஊத்து. மெதுவா.”